சேறு காணி உறுதி எழுதாது

போன செமஸ்டர் முடியிற நேரம் எங்கட பட்ச் வாட்ஸப் குழுவில் ஒரு வரைபடம் வந்து விழுந்தது. இலங்கைக்குத் தெற்கே, மடகஸ்கார் தொடக்கம் அவுஸ்திரேலியா வரைக்கும், இந்து சமுத்திரத்தை நிரப்பிக்கொண்டு பச்சை நிறத்தில் ஒரு கண்டம். பனியுகத்தின் முடிவில் கடல் விழுங்கிய தமிழர் நாடு என்றும், உண்மையான தமிழன் என்றால் பத்துப் பேருக்கு அனுப்பு என்றும் கீழே எழுதியிருந்தது. ஒருவன் "ஆதாரம் என்ன மச்சான்?" என்று கேட்டான். "உனக்கு எங்கட கதைக்கு மட்டும்தான் ஆதாரம் வேணும்" என்று மற்றவன் சொன்னான். ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு பேர் குழுவை விட்டு விலகினார்கள்.

அடுத்த நாள் கன்ரீனில் நாங்கள் ஐந்து பேர் இருந்து கதைத்தோம். ஐந்து பேரும் கலைப்பீடம். வரலாறு, தமிழ், புவியியல் என்று ஆளுக்கொரு பாடம். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை கதைத்ததில் ஒன்று வடிவா விளங்கியது. 'ஓம்' என்றவர்களுக்கும், 'இல்லை' என்றவர்களுக்கும், வாயை மூடிக்கொண்டிருந்த எங்களுக்கும் கடலுக்கடியில் உண்மையில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதும் தெரியாது. கடலைப் பற்றி இவ்வளவு சண்டை பிடிச்சம். கடலை ஒருத்தரும் கேட்கவில்லை.

கேட்கலாம் என்பதுதான் எங்கள் கருத்து. பனியுகத்துக்குப் பிறகு கடல் எங்கே ஏறியது, எங்கே வற்றியது, எப்போது உப்பாக இருந்தது என்பதற்கெல்லாம் சாட்சி கடலடியில் படிந்த சேறு. அந்த அடையலை வாசிப்பது விஞ்ஞானபீடத்தின் வேலை என்று நாங்கள் ஒதுங்கிவிட்டோம். ஒதுங்கிய இடத்தில்தான் பச்சை வரைபடங்கள் முளைக்கின்றன.

எங்களில் ஒருத்தியின் மச்சாள் சுவீடனில் வளர்ந்தவள். ஓகஸ்ட் லீவுக்கு வந்து நின்றபோது இந்தச் சண்டையைக் கேட்டுவிட்டு, "எங்கட பள்ளிக்கூடம் நிக்கிற இடமே ஒரு காலத்தில கடலுக்க இருந்தது. அங்க அதைச் சின்னப் பிள்ளையளுக்கே படிப்பிக்கினம்" என்றாள். அதில் பிடித்துக்கொண்டு நாங்கள் பால்டிக் கடலைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். சேற்றை வைத்து ஒரு கடலின் சரிதையை எழுதலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தது. இன்றைய சுவீடன், பின்லாந்து, பால்டிக் கடல் எல்லாவற்றின் மேலும் பனிப்பாளம் கிடந்தது. சில இடங்களில் அதன் தடிப்பு ஏறக்குறைய 3 கிலோமீற்றர். உலகத்துத் தண்ணீரில் அவ்வளவு பங்கு பனியாக நிலத்தில் கட்டுண்டதால் சமுத்திரங்களின் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 120 மீற்றர் கீழே இருந்தது. பிறகு பனி உருகத் தொடங்கியது.

பனி பின்வாங்கப் பின்வாங்க, அதன் முன்னால் உருகிய தண்ணீர் தேங்கி ஒரு பெரிய நன்னீர் ஏரி உண்டானது. அதற்குப் பால்டிக் பனி ஏரி என்று பேர். சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன், சுவீடனின் பில்லிங்கன் மலைப் பக்கத்தில் தண்ணீரை மறித்து நின்ற பனி விலகியது. ஏரியின் மட்டம் சுமார் 25 மீற்றர் விழுந்தது. சமுத்திரத்தோடு தொடுப்பு வந்து, கொஞ்சக் காலம் உப்புத் தண்ணீரும் உள்ளே ஏறியது. அந்தக் காலத்துப் படையில் யோல்டியா என்ற குளிர்கடல் மட்டி கிடைக்கிறது. அதனால் அது யோல்டியாக் கடல். பிறகு நிலம் உயர்ந்து வாசல் அடைபட, திரும்பவும் நல்லதண்ணி. அந்தப் படையில் அன்சைலஸ் என்ற சின்ன நன்னீர் நத்தை. அது அன்சைலஸ் ஏரி. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன், டென்மார்க் பக்கத்து நீரிணைகளால் சமுத்திரம் மறுபடி உள்ளே வந்தது. இந்தமுறை கடற்கரைப் பாறைகளில் ஒட்டியிருக்கும் லிட்டோரினா நத்தை. லிட்டோரினாக் கடல் இன்றைய பால்டிக்கைவிட உப்பாக இருந்தது. இப்போது பால்டிக்கின் நடுப்பகுதியில், மேற்பரப்புத் தண்ணீரில் கிலோவுக்கு 6 தொடக்கம் 8 கிராம் உப்புத்தான். சமுத்திரத்தில் 35 கிராம். எங்கட ஊர்க் கணக்கில் அது சவர்த் தண்ணி.

நல்லதண்ணி, உப்பு, நல்லதண்ணி, உப்பு. ஒரே பள்ளத்துக்குள் இத்தனை தண்ணீர்கள் மாறியிருக்கின்றன. அந்தக் காலங்களுக்கு ஒரு அரசனின் பேரோ இனத்தின் பேரோ வைக்கவில்லை. சேற்றுக்குள் கிடந்த மட்டியின் பேரும் நத்தையின் பேரும் வைத்தார்கள். சாட்சியின் பேரையே காலத்துக்கு வைப்பது எங்களுக்கு நல்ல பழக்கமாகப் பட்டது.

இதையெல்லாம் எப்படி வாசிக்கிறார்கள்? கடலடியில் நீளக் குழாயை இறக்கி, சேற்றைக் குலையாமல் தூண் மாதிரி மேலே எடுக்கிறார்கள். குலைக்கப்படாத தூணில் அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. பனிக்கு முன்னால் தேங்கிய தண்ணீரில் படிந்த களியில் ஆண்டுக்கணக்கே எழுதியிருக்கும். கோடையில் உருகும் நீர் கொஞ்சம் பருமனான வண்டலைக் கொண்டு வரும். அது வெளிறிய படை. மாரியில் மேற்பரப்பு உறைந்து தண்ணீர் அசையாமல் நிற்க, நுண்ணிய களி மெல்ல இறங்கும். அது கறுத்த படை. ஒரு வெளிறல், ஒரு கறுப்பு, ஒரு ஆண்டு. சுவீடனில் நிலம் உயர்ந்ததால் இந்தக் களியில் நிறைய இன்று தரையிலேயே தெரிகிறது. ஜெராட் டி கீர் என்ற புவிச்சரிதவியலாளர் 1878இல் இதைக் கவனித்தார். 1905 கோடையில் ஸ்டொக்ஹோம், உப்சாலா பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, இடம் இடமாகப் போய்ப் படைகளை எண்ணி, ஒரு இடத்துக் கணக்கை அடுத்த இடத்தோடு பொருத்தினார். பனி எந்த ஆண்டில் எங்கே நின்றது என்று அதை வைத்துச் சொன்னார். எண்ணினவை எங்கட வயசுப் பெடியள்.

உப்பைக் கண்டுபிடிக்க வேறு வழி. டயட்டம் என்ற ஒற்றைக்கல அல்காக்களுக்குக் கண்ணாடி மாதிரி சிலிக்கா ஓடு உண்டு. சில இனங்கள் நன்னீரில் மட்டும் வாழும், சில கடலில், சில சவரில். செத்து விழுந்த ஓடுகள் சேற்றில் தங்கிவிடும். நுணுக்குக்காட்டியில் வைத்து எந்த இனம் எத்தனை என்று எண்ணினால் அந்தக் காலத்துத் தண்ணீரின் சுவை தெரியும். பால்டிக்கின் டயட்டங்களை இப்படி ஆராய்ந்தவர்களில் ஒருவர் அஸ்திரித் கிளீவ். சுவீடனில் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் பெண். 1898இல் அந்தப் பட்டம் கிடைத்தபோது அவருக்கு 23 வயது.

இன்னொரு விஷயம் எங்களை நிற்க வைத்தது. கடலடியில் பிராணவாயு இருந்தால் புழுக்களும் மட்டிகளும் சேற்றைக் கிளறிப் படைகளைக் கலந்துவிடும். லிட்டோரினாக் கடலின் ஆழமான பகுதிகளில் சில காலங்களில் பிராணவாயு இல்லாமல் போனது. சேற்றைக் கிளறும் புழுவோ மட்டியோ அங்கே வாழவில்லை. அதனால் அந்தக் காலத்துப் படைகள் மயிரிழை மயிரிழையாகக் கலையாமல் இருக்கின்றன. 2013இல் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து பால்டிக்கின் அடியில் துளையிட்டு இப்படியான தூண்களை எடுத்தார்கள். இன்று பால்டிக்கின் அடியில் பரவும் பிராணவாயுப் பஞ்சம் இயற்கையா மனிதர் செய்ததா என்று கதைக்கும்போது அந்தப் பழைய படைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் சேறு ஒன்றை மறைக்காமல் சொல்லும்: தன்னுடைய பிழையை. காபன் 14 முறையில் வயது பார்க்கும்போது கடல் உயிர்களின் ஓடு உண்மை வயதைவிடக் கூட வயது காட்டும். கடல் தண்ணீரில் இருக்கும் காபனே பழசு என்பதுதான் காரணம். அதற்குத் திருத்தம் செய்ய வேண்டும். பழைய சேற்றைக் கடல் கரைத்துப் புதுச் சேற்றின் மேல் போட்டிருக்கலாம். அதையும் பார்க்க வேண்டும். ஆகவே எந்த வயதுக்குப் பக்கத்திலும் கூட்டல் கழித்தல் குறி போட்டு, இவ்வளவு தவறலாம் என்று எழுதுகிறார்கள். வாட்ஸப்பில் வந்த வரைபடத்தில் கூட்டல் கழித்தல் குறி இருந்ததா? அதைப் பார்த்தே நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இனி எங்கட கடலுக்கு வருவோம். பால்டிக்கில் பனியின் பாரம் நீங்க, அமுங்கிக் கிடந்த நிலம் மேலெழுந்தது. இன்றும் பொத்னியா வளைகுடாவின் வடக்கில் ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீற்றர் எழும்புகிறது. மச்சாளின் பள்ளிக்கூடம் தரைக்கு வந்தது அப்படித்தான். எங்கட பக்கத்தில் பனிப்பாளம் இல்லை. அங்கே உருகிய தண்ணீர் இங்கே கடலாக ஏறியது. உருகியது ஒரே பனி. அங்கே நிலம் கிடைத்தது, இங்கே போனது.

போன நிலம் எது? பாக்கு நீரிணையின் ஆழம் பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைவு. கடல் 120 மீற்றர் இறங்கினால் அது கடலே இல்லை, வெளி. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பும் கடல் மட்டம் இன்றையதைவிடப் பல பத்து மீற்றர் கீழேதான் இருந்தது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. இந்த இடைவெளிக்குள்தான் இலங்கை தீவானது. அதற்கு முன் இங்கே ஆட்கள் இருந்தார்கள். புளத்சிங்களப் பக்கத்துப் பாகியன்கல குகையில் 40,000 ஆண்டுகளுக்கும் முந்திய மனிதத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆகவே கடல் கொண்ட நிலம் என்று ஒன்று எங்களுக்கு உண்மையாகவே இருந்தது. மீன்பிடிப் படகுகள் இன்று அதன் மேலால் போகின்றன.

ஆனால் அந்த வரைபடத்தின் பச்சைக் கண்டம்? இலங்கைக்குத் தெற்கே சமுத்திரத்தின் ஆழம் 4,000 மீற்றருக்கு மேல். 120 மீற்றர் இறங்கினால் அங்கே எதுவும் தெரிய வராது. ஊகத்துக்கும் அங்கே இடமில்லை. 1987இல் இலங்கைக்குத் தெற்கே சுமார் 800 கிலோமீற்றரில் ஆய்வுக் கப்பல் ஒன்று துளையிட்டது. மேலே வந்தது இமயமலையிலிருந்து ஆறுகள் அரித்து, வங்காள விரிகுடாவின் நீளத்துக்கும் கடலடியால் இழுபட்டு வந்த சேறு. 1 கோடியே 70 இலட்சம் ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகும் படைகள். அவ்வளவு காலமும் அந்த இடம் ஆழ்கடல்.

"உது வெள்ளைக்காரன்ர விஞ்ஞானம்" என்று குழுவில் ஒருவர் எழுதினார். இதற்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். லெமூரியா என்ற பெயரை 1864இல் வைத்தவர் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கில விலங்கியலாளர். லெமூர் என்ற விலங்கினம் மடகஸ்காரில் எப்படி வந்தது, அதன் உறவுகள் இந்தியப் பக்கம் எப்படி வந்தன என்று விளக்க, நடுவில் ஒரு கண்டம் இருந்திருக்கலாம் என்றார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிய வந்த பிறகு விஞ்ஞானிகள் அந்தக் கருத்தைக் கைவிட்டார்கள். அவர்கள் எறிந்ததை நாங்கள் பொறுக்கி வைத்துக்கொண்டு, எங்கட மரபு என்கிறோம்.

மரபு ஒன்று இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பஃறுளி ஆற்றைக் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கரையோர மக்களின் இலக்கியத்தில் கடல்கோள் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். 2004 டிசம்பர் 26ஐ எங்கட வீடுகளில் இன்னும் தாழ்ந்த குரலில்தான் கதைக்கிறார்கள். அம்பாந்தோட்டைப் பக்கம் கரகன் களப்பின் சேற்றுக்குள் பழைய ஆழிப்பேரலைகள் கொண்டுவந்து போட்ட மணற்படைகள் இருக்கின்றன. சில 6,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. ஆனால் பனியுகத்துக் கடல் அப்படி ஏறவில்லை. 120 மீற்றரை 14,000 ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றரும் இல்லை. சில நூற்றாண்டுகளில் மட்டும் அதைவிடக் கெதியாக ஏறியது. தட்டையான வெளியில் அந்தச் சென்ரிமீற்றர்களே போதும். அப்பாவின் காலத்தில் தோட்டமாக இருந்தது மகனின் காலத்தில் சவராகும், பேரனின் காலத்தில் கடலாகும். திடீர் அலையும் மெல்ல ஏறும் தண்ணீரும் சேற்றில் வேறு வேறு எழுத்து. எங்கட கதைகளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பிரித்துத் தருவது சேறுதான்.

கலைப்பீடத்துக்கு இது அந்நியமான வேலையும் இல்லை. சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது மூலம், எது பிறகு வந்தது, எது பிரதி செய்தவரின் பிழை என்று பார்ப்பது அந்தத் தலைமுறையின் உழைப்பு. ஒரே ஒரு ஏட்டை நம்பி அவர்கள் முடிவெடுக்க விரும்பவில்லை. மண்தூண் வாசிப்பவரும் அதையேதான் செய்கிறார். ஓரிடத்துத் தூணை இன்னோரிடத்துத் தூணோடு வைத்துப் பார்க்கிறார். எந்தப் படை இருந்த இடத்திலேயே படிந்தது, எது பிறகு கலந்த இடைச்செருகல் என்று கேட்கிறார். பாடபேதம் தெரிந்தவனுக்கு சேறு விளங்காது என்று யார் சொன்னது?

அந்த ஏடு கிழிபடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாக்கு நீரிணையில் இழுவைமடி இழுக்கும் ஒவ்வொரு முறையும் கடலடி கிளறப்படுகிறது. மீன் குஞ்சும் வலையும் அழிவதும், வடக்கு மீனவரின் பிழைப்பும்தான் முதல் கவலை. 2017இல் இலங்கைச் சட்டம் இழுவைமடியைத் தடை செய்ததும் அதற்காகத்தான். கூடவே, மேல் படைகள் கலைந்தால் அண்மைக்கால வரலாற்றைச் சொல்லும் பக்கங்கள் போய்விடும். மீனவர் சங்கம் இழுவைமடிக்கு எதிராக வீதியில் இருக்கும்போது வரலாறு படிக்கிறவர்களும் பக்கத்தில் போய் இருக்கக் காரணம் இருக்கிறது.

கடைசியாக, எல்லாரும் சுற்றிச் சுற்றி வரும் அந்தக் கேள்வி: ஆர் முதலில வந்தது? இந்த நாட்டில் பழைய மண்ணைத் தோண்டும் எவரிடமும் அதைத்தான் கேட்கிறார்கள். பாக்கு வெளியால் நடந்து வந்தவர்களுக்குத் தமிழர் என்றோ சிங்களவர் என்றோ பேர் இல்லை. இந்தப் பேர்களெல்லாம் பல ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு வந்தவை. இந்த மண்ணில் எங்களுக்கு இருக்கும் உரிமை, நாங்கள் இங்கே வாழ்கிறோம், உழைக்கிறோம், செத்தவர்களை இங்கே புதைத்திருக்கிறோம், எரித்திருக்கிறோம் என்பதால் வருவது. அதை நிறுவ 20,000 ஆண்டுக் கண்டம் தேவையில்லை. இல்லாத கண்டத்தில் உரிமையைக் கட்டினால், கண்டம் இல்லை என்று தெரியும் நாளில் உரிமையையும் கேலி செய்வார்கள். அதுதான் எங்களுக்குப் பயம். சேறு யாருக்கும் காணி உறுதி எழுதித் தராது. தண்ணீர் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லும்.

அடுத்தமுறை இப்படி ஒரு வரைபடம் வந்தால் நீங்கள் சண்டை பிடிக்க வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இடத்துச் சேறு? எவ்வளவு ஆழத்தில் எடுத்தது? வயதில் எவ்வளவு தவறலாம்? பதில் வந்தால் வாசியுங்கள். வராவிட்டால் பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள்.

இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை அந்த வரைபடத்தை அனுப்பின நண்பனுக்கே காட்டினோம். கோபிப்பான் என்று நினைத்தோம். கன கதை கதைக்கவில்லை. பாக்கு நீரிணை வரும் பந்தியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அப்ப அந்த வெளியில என்ன மரம் நிண்டிருக்கும்?" என்று கேட்டான். சேற்றில் மகரந்தமும் தங்கும் என்று அவனுக்குச் சொன்னோம். இப்ப ஆறு பேராகத்தான் வாசிக்கிறம்.